படிக்கப் போகிறாள் என்று வாங்கிய கையெழுத்து

பூஞ்சேரி,
தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம்

அன்பு மகள் பிரபாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கோபாலகிருஷ்ணனும் அந்தக் கனடா குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், விளக்கேற்றும்போது தினமும் அதைத்தான் கேட்கிறேன், உன்மேல் கோபமாக இருக்கிற நாளிலும் கேட்கிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. உன் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, செங்கல்பட்டில்தான் எடுத்தோம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பு எல்லாருக்கும் நன்றாக இருக்கிறது, வீடுதான் நன்றாக இல்லை. இதைப் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அடங்கிப்போகிறேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். மார்கழி முழுக்க இப்படியே போயிற்று. சத்துணவுக் கூடத்தில் இருந்தபோது அரிசி மூட்டை குறைந்ததற்கு அதிகாரிக்கே பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிக் கொடுத்தவள் நான், பெற்ற மகளுக்கு எழுத மாட்டேனா. அழுதாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் வலி அம்மாவுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் நீ போட்டுக்கொண்ட ஊசியும் படுத்து எழுந்த ஆஸ்பத்திரியும் எனக்குத் தெரியும். ஜெகதாம்பாள் சித்தி மருமகள் வளைகாப்பில் நீ வளையல் போடக் கை நீட்டியபோது தட்டை அந்தப் பக்கம் தள்ளி வைத்தாளே, அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் உன்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள் யார். இன்றுவரை அந்த வீட்டுப் படி நான் ஏறவில்லை. தத்து எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று நீ சொன்ன அன்று, இந்த ஊரில் முதலில் சந்தோஷப்பட்டவள் நான். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே குழந்தை தத்தெடுப்பது என்றால் லேசா. திருக்கழுக்குன்றத்தில் உன் கல்யாணத்தைப் பதிந்த நகல் வாங்கப் போனேன், மாப்பிள்ளை பேரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இதில் ஒரு மாதிரியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணம் வாங்கினேன், போலீஸ் சான்றிதழுக்கு நடந்தேன், உன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். மூட்டு வலி என்று ஒரு நாள் சொன்னேனா. அங்கே உன் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்து, இவர்கள் குழந்தை வளர்க்கத் தகுதியானவர்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றதும் உன் அப்பா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

அப்புறம் தத்துக் கொடுக்கிற ஆபீசிலிருந்து ஒரு குழந்தையைக் காட்டினார்களே, இரண்டு வயசுப் பெண், உதடு பிளந்து பிறந்து தையல் போட்ட பிள்ளை. போட்டோவைப் பார்த்து முதல் நாள் நீ அழுதாய், சிரிக்கிறாள் பாரும்மா என்றாய். மறுநாள் உன் மாமியார் ராஜம் அம்மா போனில் யாரு பெத்ததோ, இன்னா ரத்தமோ, மூஞ்சில தழும்பு வேற கீது, நாலு பேருக்கு இன்னான்னு பதில் சொல்றது என்றார்களாம், நீயும் மாப்பிள்ளையும் பதிலே போடாமல் கெடுவைத் தாண்ட விட்டுவிட்டீர்கள். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியாருக்குப் பயந்து ஒரு குழந்தையைக் கை நழுவ விட்டவள் அடுத்ததாகக் கையை எங்கே நீட்டினாய், உன் தம்பி வீட்டுக்குள் நீட்டினாய். வெளியே எடுத்தால்தானே ரத்தம் கேட்பார்கள், தம்பி பெண் சங்கரி என்றால் நம் ரத்தம். அவளுக்கு ஆறு வயசு, துறுதுறு என்று இருக்கிறாள், போன தடவை நீ வந்தபோது மகாபலிபுரம் கடற்கரையில் உன் முதுகைவிட்டு இறங்கவில்லை. ஆசைப்பட்டாய், அதில் தப்பில்லை. ஆசைப்பட்ட பொருளைப் பெற்றவளிடம் நேரில் கேட்க உனக்கு வாய் இல்லை, அதுதான் தப்பு.

உன் தம்பி ஜெயக்குமார் ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு வந்து, அக்காவுக்கு சங்கரியக் குடுக்கறதா முடிவாயிடுச்சி, வேண்டாவும் ஒத்துகினா, நீ அத்தக் கெளறாத, அவ அழுவா என்றான். உன்னைக் கேட்டேன், ஆமாம்மா, வேண்டா சரின்னுட்டா, அவளுக்குத் தமிழ்ச்செல்வி இருக்கா இல்ல என்றாய். மூத்தவள் இருக்கிறாளே, சின்னவளை அத்தையிடம் விடுகிறாள், பெரிய மனசு என்று நானும் நினைத்தேன். மருமகள் வேண்டா பேசாத சுபாவம், கேட்டதைச் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறவள், அவள் மௌனத்தை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். சொந்தத்துக்குள் தத்து என்றால் பெற்றவர்கள் இரண்டு பேரும் சம்மதம் எழுதித் தர வேண்டும், அதற்கு அவன் ஒரு நாள் முத்திரைத்தாள் கொண்டு வந்து மாவு பிசைந்துகொண்டிருந்தவளைக் கை கழுவச் சொல்லிக் கையெழுத்து வாங்கினான். அவளிடம் என்ன சொல்லி வாங்கினான் தெரியுமா. பத்தாவது வரைக்கும் அங்க படிக்கும், லீவுக்கு லீவு வந்துகினு இருக்கும், அக்கா பொறுப்பாளின்னு எழுதற பேப்பர் இது என்று சொல்லி வாங்கியிருக்கிறான். யாரடா உனக்கு இந்தப் புத்தி சொன்னது என்று பிறகு நான் கழுத்தைப் பிடித்துக் கேட்டபோது உன் பேரைத்தான் சொன்னான். படிப்புக்குன்னு சொல்லுடா, போய்ப் பழகினதும் மெதுவா சொல்லிக்கலாம் என்றாயாம். இல்லை என்றால் உன் அப்பா கண் மேல் சத்தியம் பண்ணு, நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்கிறேன்.

உன் திட்டம் எங்கே உடைந்தது தெரியுமா, ஒரு டம்ளர் டீயில் உடைந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுத ஒரு பெண் வந்தாள், சின்ன வயசு, ஸ்கூட்டியில் வந்தாள். வேண்டா அவளுக்கு டீ கொடுத்துவிட்டு, ஏம்மா, அங்க இஸ்கூல்ல தமிழு சொல்லித் தருவாங்களா, இல்லன்னா திரும்பி வரும்போது எம் பொண்ணு என்கூடப் பேசுமா என்று கேட்டாள். அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். திரும்பி வருமா என்று யார் சொன்னார்கள் என்று கேட்டாள். ஜெயக்குமார் குறுக்கே விழுந்து ஏதோ பேசி மழுப்பினான், அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள், ஆனால் எழுத வேண்டியதை எழுதியிருக்கிறாள். செங்கல்பட்டில் குழந்தைகள் நலக் குழு முன்னால் எல்லாரும் வர வேண்டும், தாயைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

போனோம். வேண்டாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் சங்கரியோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், நீ வாங்கி அனுப்பிய ரோஸ் கவுனைத்தான் போட்டிருந்தாள். வியர்த்துக் கொட்டிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், என்னடி கண்ணு என்றேன். ஆயா, நான் அழக்கூடாது, அழுதா பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம், மேடம் கேட்டா அத்தை வூட்டுக்குப் போவ எனக்கு இஷ்டம்னு சொல்லணுமாம், அத்தை வீடியோல சொல்லிக் குடுத்துது என்றாள். ஐந்து வயசு தாண்டிய பிள்ளையின் வாயாலும் சம்மதம் கேட்பார்கள் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள், எதற்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கும் ஒரு மனசு இருக்கிறது என்றுதானே வைத்திருக்கிறார்கள். அந்த மனசுக்குள்ளும் நீ போய் வசனம் எழுதி வைத்துவிட்டாயே. பிரபா, நான் வளர்த்த பெண்ணா நீ என்று இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டாவே எங்க அத்தையக் கூப்புடுங்க என்று கேட்டாளாம். உள்ளே போனால் அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குழுவில் இருந்த அம்மா ஒருவர் நிதானமாக எனக்கும் சொன்னார்கள், இது தத்துக்கொடுக்கிற மனு, கலெக்டர் உத்தரவு ஆகிவிட்டால் சட்டப்படி இந்தக் குழந்தைக்கு இந்த அம்மா தாய் இல்லை, பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் வரும், இது இவருக்குத் தெரியாது என்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்றார்கள். வேண்டா என் முகத்தையே பார்க்கிறாள். அத்தே, உங்களுக்குத் தெரியுமா என்றாள். நீ ஒத்துகினேன்னு சொன்னாங்கடி என்றேன், வேறென்ன சொல்ல. அவள் கத்தவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, எங்கூட்ல நான் நாலாவது பொண்ணும்மா, போதும்னு எங்கப்பா வேண்டான்னு பேர் வெச்சாரு, பள்ளிக்கூடத்துல கூப்புட்டாலும் வேண்டா, ரேசன் கடையில கூப்புட்டாலும் வேண்டா, எனக்குப் பழகிடுச்சி, ஆனா எம் பொண்ண வேண்டான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன், அந்தப் பேப்பர்ல கீற கையெழுத்து ஏமாத்தி வாங்கனது என்றாள். பத்து வருஷமாக என் வீட்டில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் உன் தம்பி வாசலிலேயே கத்தினான், அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன், என் மானத்த வாங்கிட்டியே என்று. போகிற வருகிற சனம் நின்று பார்த்தது. அவள் சங்கரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஆறு வயசுப் பிள்ளையை. வீட்டுக்கு வந்து தமிழ்ச்செல்வியையும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்றைக்காவது நீ சும்மா இருந்தாயா. அவளுக்குப் போன் போட்டு, உனக்கு வேணும்னா இன்னொண்ணு பெத்துக்கலாம், எனக்கு முடியாதே என்றாயாம். அறுத்தால் துளிர்க்க அது என்ன கீரைப் பாத்தியாடி. உன் வயிறு எரிகிறது என்பதற்காக இன்னொருத்தி வயிற்றில் கை வைப்பாயா. உன்னைத் தட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தவளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று நானே உன்னைக் கேட்கும்படி வைத்துவிட்டாய்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் புறப்பட்டுப் போனேன். செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் மாறி, பறவை பார்க்க வருகிற கூட்டத்தோடு நின்றுகொண்டே போனேன். ஆளாளுக்குக் கழுத்தில் பைனாகுலர், எல்லாருக்கும் குதூகலம், எனக்கு மட்டும் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது என்று இருந்தது. வேண்டாவின் அண்ணன் செல்வராஜ் வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, இன்னாம்மா, இன்னொரு கையெழுத்து வாங்க வந்தியா என்றார். உன்னால் அந்தப் பேச்சு கேட்டேன். திரும்பிப் போகாமல் உட்கார்ந்தேன். வேண்டாதான் உள்ளேயிருந்து வந்து தட்டில் சோறு போட்டு வைத்தாள், சாப்புடுங்க அத்தே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல என்றாள். கோபம் இல்லை என்று அவள் சொன்னதுதான் எனக்கு அதிகம் சுட்டது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். அவுரு வரட்டும், அந்த ஆபீசுல அவுங்க எல்லாரு எதிர்லயும் இந்த மனு வாணான்னு அவரு கையால எழுதிக் குடுக்கட்டும், அதுக்கப்புறம் வரேன், அதுவரைக்கும் எம் புள்ளைங்கள அந்த வூட்டு வாசல்ல கால் வைக்க விட மாட்டேன் என்றாள். நியாயம்தானே. உன் அப்பாவும் அதையே சொன்னார், எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் அதில் ஒன்றை அள்ளிக்கொண்டு போக யாருக்கு உரிமை என்றார்.

ஜெயக்குமார் முதலில் முரண்டு பிடித்தான். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள், அவள் கேட்டு எப்படி இல்லை என்பது என்றான். தூக்கி வளர்த்தாள் என்றால் உன்னைக் கொடு, பிள்ளையை ஏன் கொடுக்கிறாய் என்றேன். அவனுக்குச் சோறு போடமாட்டேன் என்றேன், போடவில்லை. முட்டுக்காடு படகுத்துறையில் டூரிஸ்ட்டை இறக்கிவிட்டு வந்து ஹோட்டலில் தின்றுவிட்டு வேனிலேயே படுத்தான். பொங்கலுக்கு வீட்டில் பிள்ளைகள் சத்தம் இல்லை, பானை பொங்கும்போது கூவ ஆள் இல்லை, நானும் உன் அப்பாவும் கண்ணாடியும் கண்ணீருமாக நின்றோம், அன்றைக்குத்தான் அவன் உடைந்தான். பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்ததும் போய் எழுதிக் கொடுத்தான், அந்த அம்மா காரணம் கேட்டார்களாம், பெத்தவகிட்ட பொய் சொன்னேன் என்றானாம், சொல்லும்போதே அழுதிருக்கிறான். வேண்டா வந்துவிட்டாள். வந்தாள் என்றுதான் பேர். அவனுக்குத் தட்டு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், பேச்சு வார்த்தை இல்லை. எதில் கையெழுத்துக் கேட்டாலும், பள்ளிக்கூட டைரியில்கூட, தமிழ்ச்செல்வியை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். இது எத்தனை வருஷத்தில் ஆறும் என்று எனக்குத் தெரியாது.

இனி நீ என்ன செய்வது என்று கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ அம்மாவாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, உனக்கு ஒரு குழந்தை வந்தால் உன்னைவிட நான்தான் அதிகம் ஆடுவேன். முதலில் போன வழி நல்ல வழி, அந்த வழிக்குத் திரும்பு. உதட்டில் தையல் போட்ட அந்தப் பிள்ளைக்கு வேறு நல்ல அம்மா கிடைத்திருப்பாள், கிடைத்திருக்க வேண்டும் சாமி. உனக்கு என்று இன்னொன்று வரும். அங்கே எழுதிக் கொடுத்த அறிக்கை காலாவதியாகியிருந்தால் திரும்ப ஆளை வரச்சொல்லு, இந்தத் தடவை அவர்கள் கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல்லு, தம்பி வீட்டில் செய்ததையும் சொல்லு, அதைச் சொல்லிவிட்டும் உன்னை நம்பினார்கள் என்றால்தான் அந்த நம்பிக்கைக்கு மதிப்பு. என்ன நிறம், என்ன சாதி, எந்த ரத்தம் என்று உன் மாமியார் கேட்டால் மாப்பிள்ளையைப் பேசச் சொல்லு, அவர் பேசவில்லை என்றால் எனக்குப் போனைக் கொடு, நான் பேசுகிறேன். இங்கே எந்தக் காகிதம் வேண்டுமானாலும் இந்த மூட்டோடு நடந்து வாங்கித் தருகிறேன், ஒரு நாள் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் மாமியார் முன்னால் வாய் திறக்கத் தைரியம் வருகிற வரைக்கும் தயவுசெய்து எந்தக் குழந்தையையும் கேட்காதே. அதுவும் வந்து உன் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டியதாகும், ஒளிய உன் முதுகு போதாது.

நிறைய எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. உன் அப்பா இருந்த இடத்திலிருந்தே, இன்னும் நாலு வரி சேர்த்து எழுது, அப்படியே என் ஆசீர்வாதத்தையும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் பொய் சொல்லாமல் இருங்கள், வீடு நிறையட்டும், நேர்வழியில் நிறையட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், எழுதுவதென்றால் வேண்டாவுக்கு எழுது, எழுதி அழாமல் மன்னிப்புக் கேள். சங்கரியோடு பேச ஆசையாக இருந்தால் அவள் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டுப் பேசு. பேசுவதற்கு முன்னால் ஒன்றை யோசித்து வைத்துக்கொள். ராத்திரி அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள், நேற்று பூ கட்டும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆயா, அக்காவ யாருமே கேக்கலியே, என்ன மட்டும் ஏன் குடுக்கப் பாத்தீங்க, நான் இன்னா தப்பு பண்ணேன் என்று கேட்டாள். அதற்குப் பதில் நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கோபம் தீராத, உன்னை விடவும் முடியாத
அம்மா அம்சா